பின்புறம் திறக்கும் கோட்டு

சிங்கப்பூர், நோரிஸ் ரோடு
3 ஜூலை 1961

பூவம்மாவுக்கு மருதப்பன் எழுதுவது.

நீ தைப்பிங்கில் உன் தம்பி கோவிந்தசாமியின் வீட்டுக்கு நலமாகப் போய்ச் சேர்ந்ததை அவனுடைய கடிதத்தால் அறிந்தேன். இரயில் ஏறுமுன் கணவனிடம் சொல்லாத மனைவி, ஏறிய பின்னும் எழுதாதிருப்பதில் வியப்பொன்றும் இல்லை. ஏன் போனாய் என்று நான் கேட்கப் போவதில்லை. இது பொருள்களைப் பற்றிய கடிதம்.

ஆகஸ்டு 12ஆம் தேதி சனிக்கிழமை நான் மோட்டார் சைக்கிளில் பினாங்குக்குப் புறப்படுகிறேன். போகவர ஆயிரம் மைலுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு வேண்டிய உடைகளையும் சாமான்களையும் தயார் செய்யும் பொறுப்பை மே மாதமே உன்னிடம் ஒப்படைத்தேன். பொறுப்பைப் பாதியில் போட்டுவிட்டு நீ போயிருக்கிறாய். சுங்கை ரோட்டில் வாங்கிய காற்றுக் கண்ணாடியைக் காணவில்லை. கையுறை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் இடது கைக்குரியது. எண்ணெய்த் துணி மழைக்கோட்டு எங்கே என்று தெரியவில்லை.

சென்ற சனிக்கிழமை டன்லப் ஸ்திரீட்டுக்குப் போய், நீ தைக்கக் கொடுத்திருந்த கோட்டைத் தையற்காரர் நெய்னா முகம்மதுவிடமிருந்து வாங்கி வந்தேன். தடித்த காக்கித் துணி, உள்ளே ஃபிளானல், உயர்ந்த கழுத்துப்பட்டி. தையலில் குறையில்லை. ஆனால் முன்புறம் ஒரே துணியாக மூடிக் கிடக்கிறது. திறப்பும் பொத்தான்களும் முதுகில் இருக்கின்றன. இதை ஒரு மனிதன் தானாக எப்படி அணிவது? நான் கேட்டதற்கு அந்த மனிதர், "அம்மா சொன்னபடிதாங்க தைச்சேன்" என்றார். அதே துணியில் சிறியதாக இன்னொரு கோட்டும் கொடுத்தார். அது முன்புறம் திறக்கிறது. அளவு தவறி வெட்டிய முதல் கோட்டாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. அந்தப் புதன்கிழமை மாலை நண்பர் இராமசாமியும் என் அலுவலகக் குமாஸ்தா வேலாயுதமும் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இராமசாமி அவர் வண்டியில் வருவார் என்றும், என் வண்டியில் எனக்குப் பின்னால் வேலாயுதம் உட்காருவான் என்றும் முடிவு செய்தோம். நீ தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாய். மறுநாள் காலையில் நீ இல்லை. இவற்றுக்கிடையில் என்ன நடந்தது என்று நானும் பலமுறை யோசித்துவிட்டேன். நீதிமன்றத்தில் மூன்று மொழிகளில் பிறர் வழக்கை விளக்குகிறவனுக்குத் தன் வீட்டு வழக்கு விளங்கவில்லை என்றால், குற்றம் விளக்காதவர் மீதுதான்.

மருதப்பன்

*

தைப்பிங்
8 ஜூலை 1961

உங்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. பொருள்களைப் பற்றிய கடிதம் என்று எழுதியிருந்தீர்கள். பொருள்களைப் பற்றியே பதில் எழுதுகிறேன்.

காற்றுக் கண்ணாடி மாவு சல்லடை வைக்கும் தகர டப்பாவில், பருத்தித் துணியில் சுற்றி இருக்கிறது. வெளியே வைத்தால் கீறல் விழும் என்று அங்கே வைத்தேன். டப்பாவில் இரண்டு கண்ணாடி இருக்கும். பட்டை நீளமாக உள்ளது உங்களுடையது. வலது கையுறையின் பெருவிரல் பிரிந்திருந்தது. அதைத் தைத்து என் தையல் பெட்டியில் வைத்திருக்கிறேன். மழைக்கோட்டு மாடிப்படிக்குக் கீழே தொங்குகிறது. மடித்து வைத்தால் மடிப்பில் எண்ணெய் விட்டுப்போகும், மடிக்க வேண்டாம். பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளை அடைத்து வையுங்கள். நீங்கள் அடைக்க மாட்டீர்கள். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கோட்டில் தவறு இல்லை. அது பின்னால் திறக்க வேண்டிய கோட்டுதான். நெய்னா முகம்மது மேல் கோபப்படாதீர்கள்.

சிறிய கோட்டு வெட்டிக் கெட்ட கோட்டு இல்லை. பூச்சி உருண்டை போட்டு அலமாரியில் வையுங்கள்.

இங்கே தினமும் மழை. மூன்று மணிக்கு ஆரம்பித்து விளக்கு வைக்கும்வரை பெய்கிறது. தம்பி வீட்டில் எல்லாரும் நலம். நான் நலமா என்று நீங்கள் கேட்கவில்லை.

பூவம்மா

*

சிங்கப்பூர்
17 ஜூலை 1961

பூவம்மாவுக்கு மருதப்பன் எழுதுவது.

உன் கடிதம் கண்டேன். கண்ணாடியும் கையுறையும் நீ குறித்த இடங்களில் இருந்தன. மாவு சல்லடை டப்பாவில் மோட்டார் சைக்கிள் சாமானைத் தேட வேண்டும் என்பது எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்படாத பாடம். இரண்டாவது கண்ணாடி யாருக்கு என்று நீ எழுதவில்லை. உடைந்தால் மாற்றுவதற்காக வாங்கியிருப்பாய் என்று கொள்கிறேன்.

கோட்டில் தவறு இல்லை என்று எழுதுகிறாய். நேற்று ஞாயிற்றுக்கிழமை சாமான்களைச் சோதித்துப் பார்க்க சுவா சூ காங் வரை போய்வந்தோம். என் முதுகில் ஒன்பது பொத்தான்களையும் வேலாயுதம்தான் போட்டான். தெருவில் நின்று ஒரு குமாஸ்தாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "கொஞ்சம் மூச்சை இழுங்க சார்" என்ற கட்டளைக்கு நான் பணிந்தேன். எதிர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தார்கள்.

புக்கிட் பாஞ்சாங்கைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மறுக்க முடியாத ஒன்றை நான் பதிவு செய்தாக வேண்டும்: என் நெஞ்சில் ஒரு சொட்டு நீர் இறங்கவில்லை, காற்றும் புகவில்லை. ஆனால் வழியில் ஒரு காப்பிக் கடையில் நிறுத்தியபோது வேலாயுதம் புகைப்பதற்கு அப்பால் போய்விட்டான். உட்சட்டையில் இருந்த கைக்குட்டையை எடுக்க வழியின்றி, கட்டிவைத்த கைதியைப் போல நான் கால்மணி நேரம் நின்றேன். கடைக்காரச் சீனர் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். இதற்குப் பெயர் கேலி இல்லையென்றால் வேறென்ன என்று நீயே சொல்.

சிறிய கோட்டை அலமாரியில் வைக்க இயலாது. உன் கடிதம் வருமுன்பே அதை வேலாயுதத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஒடிசலான ஆள், அவனுக்கு அது அளவாக இருந்தது. "எனக்குன்னே தைச்ச மாதிரி இருக்குலா சார். பட்டன்தான் இடப்பக்கம் வருது, பொம்பளைங்க கோட்டு மாதிரி" என்று சொல்லிச் சிரித்தான். தையற்காரரின் கவனக்குறைவு என்று விளக்கினேன்.

நீ நலமா என்று நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நலமில்லாதவர் நானூறு மைல் தனியே இரயிலில் போவதில்லை.

ஆகஸ்டு 14ஆம் தேதி திங்கட்கிழமை நண்பகலுக்குமேல் எங்கள் வண்டிகள் தைப்பிங் வழியாகப் போகும். அங்கே நிற்பதா வேண்டாமா என்பதை உன் பதிலைக் கண்டு முடிவு செய்வேன்.

மருதப்பன்

*

தைப்பிங்
21 ஜூலை 1961

உங்களுக்கு வணக்கம்.

யாருடைய கோட்டு என்று கேட்காமல் கொடுத்துவிட்டீர்கள். சரி.

நிற்க வேண்டாம். நேரே பினாங்குக்குப் போங்கள். வேலாயுதத்துக்கு அந்தக் கோட்டு மழை தாங்கும்.

பூவம்மா

*

சிங்கப்பூர்
27 ஜூலை 1961

பூவம்மாவுக்கு மருதப்பன் எழுதுவது.

உன் மூன்று வரிக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்பதை எழுத விரும்பவில்லை. ஒரு கொலை வழக்கின் வாக்குமூலத்தில்கூட இதைவிட அதிகச் செய்தி இருக்கும்.

செவ்வாய்க்கிழமை அலுவலகம் முடிந்து நேரே டன்லப் ஸ்திரீட்டுக்குப் போனேன். சிறிய கோட்டு யாருடைய அளவு என்று நெய்னா முகம்மதுவிடம் கேட்டேன். அவர் கத்தரியைக் கீழே வைத்தார். நான் மறுபடி கேட்டேன். அளவு நோட்டை எடுத்துப் பிரித்து என் முன்னால் நகர்த்தினார். உன் பெயர் இருந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்து வாங்கிக்கிறோம், அதுவரைக்கும் ஐயா காதுல போட வேணாம்னு அம்மா சொன்னாங்க. நீங்க தனியா வந்தீங்க. முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கிட்டேன்" என்றார்.

பின்னால் ஏன் திறப்பு என்று கேட்டேன்.

"நானும் அதையேதான் கேட்டேங்க. காத்து முன்னாலேருந்துதானே வருதுன்னாங்க. பட்டனை யாரும்மா போடுறதுன்னேன். பின்னால நான்தானே உக்காந்திருப்பேன், நான் போட்டுவிட மாட்டேனான்னாங்க."

நான் கடைக்கு வெளியே வந்தேன். பிறகு எந்த வழியாக வீட்டுக்கு வந்தேன் என்பது நினைவில் இல்லை. மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறேன் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

இப்போது எனக்கு ஏற்பட்டிருக்கும் குழப்பத்தை வரிசையாக எழுதுகிறேன். அதை நீக்குவது உன் கடமை. இடதுபக்கப் பொத்தானைக் கண்டு ஒரு குமாஸ்தா ஒரு நொடியில் கண்டுகொண்டதை நான் ஏன் காணவில்லை? நீ என்னுடன் வருவதாக எப்போது முடிவாயிற்று? முடிவு செய்தது யார்? ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், சேலை கட்டிக்கொண்டு, சாலை முழுவதும் பள்ளமும் லாரியுமாக இருக்கும் ஒரு நாட்டில் ஐந்நூறு மைல் பின்னிருக்கையில் உட்கார்ந்து வர முடியும் என்று எந்த ஆதாரத்தில் நம்பினாய்? அப்படியொரு எண்ணம் இருந்தால் வாய் திறந்து சொல்வதற்கு என்ன தடை? மனிதர்கள் பேசிக்கொள்வதற்குத்தான் மொழி இருக்கிறது. கோட்டு தைத்துப் பேசுகிற வழக்கம் உலகில் எங்கும் இல்லை.

நான் கோபமாக இருக்கிறேன். யார் மீது என்பதுதான் இன்னும் தெளிவாகவில்லை.

மருதப்பன்

*

தைப்பிங்
31 ஜூலை 1961

உங்களுக்கு வணக்கம்.

வரிசையாகக் கேட்டிருந்தீர்கள். எனக்கு வரிசையாகச் சொல்ல வராது. நினைவுக்கு வருகிறபடி எழுதுகிறேன்.

வாய் திறந்து நான்கு முறை சொன்னேன். முதல் முறை, இந்த பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை வாங்கிய அன்று. பத்து வருஷம் ஆகிறது. நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். இதில் ஒருநாள் நாம் பினாங்கு போக வேண்டும் என்றீர்கள். எப்போது என்று கேட்டேன். பார்க்கலாம் என்றீர்கள். இரண்டாவது முறை நீங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் ஆனபோது. மூன்றாவது முறை எப்போது என்று மறந்துவிட்டது, ஆனால் நீங்கள் சவரம் செய்துகொண்டிருந்தீர்கள். நான்காவது முறை போன தீபாவளிக்கு. நான்கு முறையும் பார்க்கலாம் என்றுதான் சொன்னீர்கள். முடியாது என்று ஒருமுறையாவது சொல்லியிருந்தால் நான் தையற்கடைக்குப் போயிருக்க மாட்டேன்.

மே மாதம், ஆகஸ்டில் பினாங்கு போகிறேன், உடை சாமான் எல்லாம் நீயே பார் என்றீர்கள். பின்னால் யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இது என் தவறு. கேட்டால் மறுபடியும் பார்க்கலாம் என்பீர்களோ என்று பயம். எல்லாவற்றையும் இரண்டாகத் தயார் செய்து முன்னால் வைத்துவிட்டால், பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது என்று நினைத்தேன்.

நாலு வருஷத்துக்கு முன் ஜொகூரிலிருந்து நீங்கள் மழையில் வந்து நிமோனியாவில் மூன்று வாரம் படுத்தது நினைவிருக்கும். பொத்தான் இடுக்கு வழியாக நெஞ்சில் காற்று இறங்கியது என்று டாக்டர் சொன்னார். காய்கறி வண்டிக்காரர்கள் சட்டையை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்களே, அதுபோல நீங்களும் போடுங்கள் என்றேன். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வீதியில் போக முடியாது என்று கோபித்துக்கொண்டீர்கள். அதனால்தான் பார்வைக்குத் திருப்பிப் போட்டதாகத் தெரியாத கோட்டாகத் தைக்கச் சொன்னேன். கழுத்துப்பட்டியை உங்கள் அலுவலகக் கோட்டு மாதிரியே வைக்கச் சொன்னேன். உங்களைக் கேலி செய்ய நான் ஏன் ஒன்பது பொத்தான் வைக்கப் போகிறேன்?

சேலையில் வர முடியாது என்று எனக்கும் தெரியும். பஞ்சாபிப் பெண்கள் போடுகிற மாதிரிக் கால்சட்டை இரண்டு நானே தைத்தேன். பெட்டியின் அடியில் இருக்கிறது. உட்கார முடியுமா என்றும் பார்த்தாயிற்று. நீங்கள் பஸ்ஸில் வேலைக்குப் போகிற நாட்களில் பின்சந்தில் வண்டி நிற்கும். பகலில் அதன் பின்னிருக்கையில் ஏறி உட்காருவேன். முதல் நாள் கால்மணி நேரத்தில் இடுப்பு வலித்தது. ஜூன் மாதத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார முடிந்தது. பக்கத்து வீட்டு ருக்கையா பார்த்துவிட்டு, "எங்கக்கா போறீங்க, வண்டி நகரவே காணோம்?" என்றாள். பினாங்குக்கு என்றேன். "அப்ப வர்றப்ப ஜாதிக்காய் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள்தான் தையற்கடையில் என் கோட்டைக் கடைசியாகப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை சேர்ந்து போய் வாங்கலாம் என்றிருந்தேன். வேலாயுதம் பின்னால் உட்காருவான் என்று நீங்கள் சொன்னபோது என் கையில் தேநீர்த் தட்டு. ஒரு பேச்சுக்குக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை நீங்கள். தட்டைப் போட்டு உடைத்திருக்கலாம். வந்தவர்கள் முன்னால் அது அழகில்லை.

இப்போது குழப்பம் நீங்கியிருக்கும். வேலாயுதம் நல்ல பிள்ளை, அவனிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

பூவம்மா

*

சிங்கப்பூர்
5 ஆகஸ்டு 1961

பூவம்மா,

குழப்பம் நீங்கவில்லை. அதன் இடம் மாறியிருக்கிறது. இதுவரை உன்னைப் புரியவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பின்சந்துக்குப் போய்ப் பார்த்தேன். பின்னிருக்கையின் இடது ஓரத்தில் தோல் சற்று மழுங்கியிருக்கிறது. வாரந்தோறும் இந்த வண்டியைத் துடைப்பவன் நான். இருக்கையில் யாரும் ஏறாமல் தோல் எப்படித் தேயும் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

வேலாயுதத்திடம் கோட்டைத் திருப்பிக் கேட்டேன். கேட்காதே என்று நீ எழுதியிருந்தாய். மீறிவிட்டேன். என்ன சொல்லிக் கேட்பது என்று இரண்டு நாள் வாக்கியங்களை அமைத்துப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. கடைசியில், அது என் மனைவியின் கோட்டு என்று மட்டும் சொன்னேன். அவன் உடனே, "எனக்குத் தெரியும்லா சார். உள்பக்கம் ஒரு சின்னப் பாக்கெட் இருந்துச்சு, அதுல ரெண்டு கொண்டை ஊசி. போட்டுப் பார்க்கறப்ப விட்டுட்டாங்க போல. சார் சொல்ற வரைக்கும் நான் எப்படிச் சொல்றது?" என்றான். மடித்து ஒரு காகிதப் பையில் போட்டு, மேசை இழுப்பறையில் தயாராக வைத்திருந்தான். ஊசிகளும் இருந்தன. அவன் இராமசாமியின் பின்னால் உட்கார்ந்து போவான். அவர்கள் குறித்தபடி 12ஆம் தேதி புறப்படுகிறார்கள். நான் அவர்களுடன் போகவில்லை.

நான் 13ஆம் தேதி காலையில் தனியே புறப்படுகிறேன். கோலாலம்பூரில் இரவு தங்கி, மறுநாள் பிற்பகல் தைப்பிங் வந்து சேர்வேன். நிற்க வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் என் மேசையில் இருக்கிறது. நீ அதை மாற்றி எழுதாவிட்டால் கோவிந்தசாமியின் வீட்டு வாசலில் ஒரு பையை வைத்துவிட்டுத் திரும்புவேன். பினாங்குக்குத் தனியே போகும் எண்ணம் எனக்கு இல்லை.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். பிறர் கேட்ட மன்னிப்பை மொழிபெயர்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உனக்கு அப்படி ஒன்றை அனுப்ப மனமில்லை.

பையில் இருப்பவை: உன் கோட்டு, உன் கண்ணாடி, நீ தைத்த கால்சட்டைகள் இரண்டு. கையுறை உனக்கு நீ வாங்கவில்லை, நேற்று வாங்கினேன். கடைப்பெண்ணின் கையைப் பார்த்து உன் கையைக் கணக்கிட்டேன், தவறாக இருக்கலாம். பூட்ஸ் வாங்கப் போனபோதுதான் தடைப்பட்டு நின்றேன். அளவு என்ன என்று கேட்டார்கள். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். வாசலில் உன் செருப்பு தினமும் கிடக்கும். என்ன அளவு என்று எனக்குத் தெரியவில்லை. நீ அவற்றைப் போட்டுக்கொண்டு போய்விட்டதால், எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. கடைக்காரரிடம் நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் கால் அளவு என்ன?

மருதப்பன்

*

தைப்பிங்
8 ஆகஸ்டு 1961

உங்களுக்கு வணக்கம்.

எண் எனக்கும் தெரியாது. நான் எப்போதும் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். இந்தக் கடிதத்தோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். அதன்மேல் நின்று, காலைச் சுற்றிலும் பென்சிலால் கோடு போடும்படி தம்பியிடம் சொன்னேன். இடது கால் சற்றுப் பெரியது, அதைத்தான் வரைந்திருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கடையில் கொடுங்கள். தடித்த காலுறை போட இடம் வேண்டும் என்று சொல்லுங்கள். காகிதத்தை மடிக்காமல் கொண்டுபோங்கள், மடித்தால் அளவு மாறும்.

14ஆம் தேதி மூன்று மணிக்கு மழை ஆரம்பித்துவிடும். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். உள்ளே இருப்பேன். வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும்.

புறப்படும்போது நெய்னா முகம்மது பொத்தான் போட்டுவிடுவார், அவருக்கு எழுதிவிட்டேன். இங்கே வந்ததும் நான் கழற்றிவிடுகிறேன். இடையில் கோலாலம்பூரில் இரவு தங்கும்போதுதான் சிரமம். முன்பின் தெரியாத யாரையாவது கூப்பிட்டு முதுகைக் காட்ட வேண்டும். காலையில் மறுபடியும் கேட்க வேண்டும்.

கேட்டுப் பழகுங்கள்.

பூவம்மா